கொலுப்படிக்குப் பின்னால் இருந்த பேட்டரிகள்

எங்கள் வீட்டில் யாருக்கும் அழுகிய முட்டையின் வாசனை தெரியாது. மேல்கோட்டையிலிருந்து வந்து தலைமுறைகளாக மைசூரில் இருக்கிற வைஷ்ணவக் குடும்பம். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, முட்டை வாசற்படியைத் தாண்டியதில்லை. நான் மின் பொறியியல் படித்தவள். ஈய அமில பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் அழுகிய முட்டை வாசனை வரும் என்று பாடத்தில் இருந்தது. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த வாசனை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

போன கோடையில் மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது கூடவே ஓர் இயந்திரமும் வந்தது. அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற இயந்திரம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய நுரையீரல்கள் தடித்துப்போயிருந்தன. குழாயைக் கழற்றிவிட்டுக் குளியலறை வரை போய் வந்தாலே உதடுகள் நீலமாகும். இயந்திரம் நிற்கக் கூடாது. ஆனால் எங்கள் தெருவில் மழை மேகம் திரண்டாலே கரண்ட் போய்விடும். அதனால்தான் இன்வெர்ட்டரும் இரண்டு பெரிய பேட்டரிகளும் வாங்கினோம். அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருந்தது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"சதா உறுமறது. ஒரு நிமிஷம் கவனிக்கலைன்னா கத்தறது. வேறென்ன பேர் வைக்கச் சொல்றே?" என்பார்.

கல்யாணமாகாத மகளை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவது மாமியாருக்குப் பிடிக்காது. "அபிஷ்டு பேச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே குழாயைச் சரிசெய்வார்.

பேட்டரிகளுக்கு இடம் பார்த்தது நான். எதையும் வரிசை போட்டு யோசிப்பது என் பழக்கம். ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் இருப்பதால் அது இன்னும் முற்றிவிட்டது. வெயில் படக் கூடாது. ஈரம் கூடாது. படுக்கும் அறைக்குள் கூடாது. சமையலறைப் பக்கம் கூடாது. தரை சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் கனம், உள்ளே கந்தக அமிலம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கசியும். நல்ல பேட்டரியில் அது கொஞ்சம்தான்; காற்றோட்டம் இருந்தால் போன இடம் தெரியாது. மூடிய இடத்தில் தேங்கிவிட்டால் ஒரு பொறி போதும்.

இத்தனைக்கும் பொருந்தி வந்தது கூடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்துதான். பழைய மரக்கதவை எடுத்துவிட்டு, மேலும் கீழும் பலகைச் சட்டம் வைத்துக் காற்று போகிற மாதிரி ஒரு கதவு போடச் சொன்னேன். இன்வெர்ட்டர் உள்ளே மேலே சுவரில், பேட்டரிகள் கீழே. சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் அறை. ஒயர் நீளம் குறைவு என்று அப்போது திருப்தியாக இருந்தது.

நவராத்திரி வந்தது. மைசூரில் கொலுவுக்குக் குறை வைப்பார்களா? எங்கள் வீட்டில் கொலுப்படி வைக்கிற சுவர் ஒன்றே ஒன்றுதான், மாடிப்படிச் சுவர். மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் வைக்கிறார். நான் வேலையிலிருந்து திரும்பியபோது ஒன்பது படிகள் எழும்பி, பட்டுப்புடவைகள் விரித்து, மேல் படியில் ராஜா ராணி மரப்பொம்மைகள் நின்றிருந்தன. சட்டக்கதவு முழுவதும் படிகளுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

"அம்மா, அந்தக் கதவை மூடக் கூடாதே" என்றேன்.

"மூடலையே. கை போற அளவு சந்து விட்டிருக்கேன், பாரு. ஒம்பது நாள்தானே?"

பார்த்தேன். சந்து இருந்தது. பேட்டரிகள் புதியவை. ஒன்பது நாள்தான். அறையில் ஆக்ஸிஜன் இருப்பதால் விளக்கு, ஊதுபத்தி எதுவும் மாமனாரின் அறைக்குள் போகக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் அவ்வளவு கவனமாக இருந்தோம். விளக்குகள் எல்லாம் கூடத்திலேயே, கொலுவுக்கு முன்னால் எரிந்தன.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் காலையில்தான் அந்த வாசனையை முதலில் கவனித்தேன். மாமியார் அதற்கு முன்பே கவனித்திருந்தார். யாரிடமும் சொல்லாமல் சாக்கடைத் துவாரத்தில் பினாயில் ஊற்றியிருந்தார். பிறகு பூக்களை மாற்றினார். ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கொட்டிவிட்டு வேறு ஊறவைத்தார். கடைசியில் படிக்குப் பின்னால் எலி செத்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

"விஜயதசமி வரைக்கும் பொம்மையை அசைக்க முடியாது. அதுவரைக்கும் பொறுத்துக்கத்தான் வேணும்" என்றார்.

எனக்கு அது எலியாகத் தெரியவில்லை. வேறு என்னவென்றும் தெரியவில்லை. சாக்கடையும் இல்லை, ஊசிப்போன உளுந்து மாவும் இல்லை. நான் அறிந்த துர்நாற்றங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், எதனோடும் சேரவில்லை. அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருந்தேன். கணவர் ஹாசனில் வேலையாக இருந்தார், மறுநாள்தான் வருவார். சாயங்காலம் தாம்பூலத்துக்குப் பெண்கள் வருவார்கள் என்பதால் வேலை இருந்துகொண்டே இருந்தது.

மூன்று மணி வாக்கில் நாத்தனார் பெங்களூரிலிருந்து வந்தாள். வேலைக்காக அங்கே ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறவள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தவள் மூக்கைச் சுருக்கினாள். அம்மாவைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மன்னி, ஒண்ணு சொல்றேன். அம்மாட்ட சொல்லப்படாது. ப்ராமிஸ்?"

"என்ன, சொல்லு."

"கூடத்துல முட்டை நாத்தம் அடிக்கறது."

"முட்டையா?"

"அழுகின முட்டை. என் ரூம்மேட் ஒருநாள் டிபன் பாக்ஸ்ல வேகவச்ச முட்டையை வச்சுட்டு ஊருக்குப் போய்ட்டா. திறந்தேன் பாருங்கோ... அய்யோ தேவரே! அதே நாத்தம். நம்மாத்துல எப்படி? யாராவது தூக்கிப் போட்டாளா?"

தேர்வில் எழுதிய அந்த வரி நினைவுக்கு வந்தது.

கூடத்துக்குப் போனேன். மாடிப்படிச் சுவரில், படிகளுக்குப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்தச் சுவருக்கு வராது. குனிந்து சந்தில் காதை வைத்தேன். சோடா பாட்டிலைத் திறந்து மேசைமேல் வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு பொருபொருப்பு. உள்ளே அமிலம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பேட்டரியில் ஏதோ ஒரு செல் பழுதாகியிருக்க வேண்டும். சார்ஜர் அது தெரியாமல் மேலும் மேலும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. வருகிற வாசனை அதன் கூட வருகிற கந்தகத்தினுடையது. ஹைட்ரஜன் லேசானது, மேலே ஏறும். மேலே படிக்கட்டின் சரிவு. அதற்கு முன்னால் பட்டுப்புடவைகள். அது அங்கே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதை வாயால் ஊதவில்லை. ஊதினால் சுடர் ஆடும் என்று தோன்றியது. திரியை விரலால் எண்ணெய்க்குள் இழுத்தேன். ஐந்து முகம். விரல் சுட்டது பிறகுதான் தெரிந்தது. நிமிர்ந்தபோது பின்கட்டுப் பக்கத்திலிருந்து மாமியார் வந்துகொண்டிருந்தார். எலி நாற்றத்துக்காகச் சாம்பிராணி போட்டிருந்தார். கையில் தூபக்கால், அதில் சிவக்கச் சிவக்கத் தணல்.

"அங்கேயே நில்லுங்கோ!"

அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் நின்றுவிட்டார்.

"என்னடி? ஏன் விளக்கைக் குளிர வச்சே? வேளை கெட்ட வேளையில..."

"அம்மா, அதை அப்படியே பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணியை ஊத்துங்கோ. ஓட வேண்டாம். ஒரு பொறி கூட விழப்படாது. அடுப்பையும் அணைச்சுடுங்கோ."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மறுபேச்சுப் பேசாமல் திரும்பினார். தணலில் தண்ணீர் விழுந்து சீறுகிற சத்தம் கேட்கும்வரை நான் விளக்கை விட்டு நகரவில்லை.

இப்போது எதைத் தொடுவது, எதைத் தொடக் கூடாது? உடனே தோன்றுவது, மெயினை அணை என்பதுதான். அதுதான் செய்யக் கூடாதது. இன்வெர்ட்டருக்குள் ரிலே என்று ஒரு சுவிட்ச் உண்டு. வெளியிலிருந்து வருகிற கரண்ட் நின்றால் அது தானாகவே தட்டி வீட்டை பேட்டரிக்கு மாற்றும். 'டக்' என்று கேட்கும். அந்தத் தட்டலில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. அது தட்டுகிற இடம் பொந்தின் உச்சி. வாயு சேர்ந்திருக்கிற அதே இடம். நான் மெயினை அணைத்தாலும் தட்டும், தெருவில் கரண்ட் போனாலும் தட்டும். முதலில் காற்று உள்ளே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் எந்த சுவிட்சும்.

வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். சாமுண்டி மலைக்கு மேலே கறுத்திருந்தது. தூரத்தில் ஓர் இடி.

எங்கள் தெருவில் மழைக்கு முன்னால் கரண்ட் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மாமனாரை முதலில் வெளியே கொண்டுவந்தோம். அவர் அறையிலிருந்து பக்கத்துச் சந்துக்கு ஒரு கதவு உண்டு; கூடத்துக்குள் வராமலே போர்டிகோவுக்கு வந்துவிடலாம். மூக்குக் குழாயை இயந்திரத்திலிருந்து எடுத்து சிலிண்டரில் மாட்டினேன். இயந்திரத்தின் பிளக்கைத் தொடவில்லை. அது வெறும் அறைக்கு ஆக்ஸிஜன் ஊட்டிக்கொண்டு ஓடட்டும் என்று ஜன்னலை மட்டும் திறந்துவிட்டேன். நாத்தனார் ஒரு தோளிலும் நான் ஒரு தோளிலுமாக அவரை நடத்தினோம். நாலடிக்கு ஒருமுறை நின்றார்.

"எதுக்கு இந்த ஊர்வலம்? யானை எங்கே?" என்றார், இரைப்புக்கு நடுவே.

"பேட்டரி சூடாயிடுத்து அப்பா. காத்தாட இங்கே உக்காருங்கோ."

பட்டறைக்காரர். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "அவளையும் வெளியே கூப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் மாமியாரும் உள்ளே தேவைப்பட்டார். படியை நகர்த்தாமல் கதவைத் திறக்க முடியாது. பொம்மைகளை இறக்காமல் படியை நகர்த்த முடியாது.

"அம்மா, கொலுவைக் கலைக்கணும். இப்பவே."

"கலைக்கறதா? நாளைக்கு சரஸ்வதி பூஜை. நாளன்னிக்கு விஜயதசமி. அதுக்கு முன்னாடி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கப்படாதுடி. இந்த வருஷம், இவர் இருக்கிற இருப்புல, நான் அதைப் பண்ணுவேனா?"

அவர் பயமும் என் பயமும் ஒரே மனிதரைப் பற்றியதுதான் என்று அப்போது புரிந்தது. புருஷன் உயிருக்காக அவர் கொலுவை அசைக்க மறுத்தார். நான் அதற்காகவே அசைக்கச் சொன்னேன்.

"இதுக்குப் பின்னாடி வாயு சேர்ந்திருக்கு அம்மா. கரண்ட் போச்சுன்னா வெடிக்கலாம். வெடிச்சா அமிலம் தெறிக்கும். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவோட கட்டில்."

"செத்த எலிக்கா இத்தனை?"

"எலி இல்லேம்மா" என்றாள் நாத்தனார். "அழுகின முட்டை நாத்தம். பேட்டரி கெட்டுப்போனா அப்படித்தான் வருமாம்."

மாமியார் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். "முட்டை நாத்தம் உனக்கு எப்படித் தெரியும்?"

இன்னோர் இடி, முன்னதைவிடக் கிட்டத்தில்.

"தின்னா தெரியும்" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. "ஆம்லெட். ரெண்டு வருஷமா. மன்னி சொல்றது நெஜம்மா, ப்ளீஸ்!"

மாமியார் அவளைப் பார்த்தபடியே புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"அதை அப்புறம் பேசிக்கறேன். முதல்ல அந்த ஆனையை எடு."

ராஜா ராணியை அவரே இறக்கினார். உதடுகள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. தசாவதாரம், தர்பார், செட்டியார் கடை, கிரிக்கெட் ஆட்டம். எல்லாவற்றையும் ஜமக்காளத்தில் நிறுத்தி வைத்தோம். எதையும் படுக்க வைக்கவில்லை. அந்த அவசரத்திலும் அவர் அதை விடவில்லை. வாசற்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்தேன். மாடிக்கு ஓடி மொட்டைமாடிக் கதவைத் திறந்தேன். லேசான வாயு படிக்கட்டு வழியே மேலேறிப் போக வேண்டும். கூடத்தில் ஒரு சுவிட்சையும் தொடக் கூடாதென்று சொல்லியிருந்தேன். மின்விசிறி சுழன்றது சுழன்றபடியே இருந்தது. மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்தும் விளக்கைப் போடாமல், வருகிற வெளிச்சத்திலேயே வேலை செய்தோம். ஒவ்வொரு பொம்மை இறங்கும்போதும் இந்தக் கணம் கரண்ட் போகும் என்று நினைத்தேன். என் கைகள் நடுங்கவில்லை. அதற்குக் காரணம் தைரியமில்லை. நடுங்கினால் பொம்மை விழும், விழுந்தால் மாமியார் நின்றுவிடுவார் என்ற இன்னொரு பயம்தான்.

படிகள் இரும்புச் சட்டங்கள். இழுத்தால் தரையில் உரசிப் பொறி பறக்கலாமென்று தோன்றியது. மூன்று பேராகத் தூக்கி நகர்த்தினோம். பிறகு சட்டக்கதவை, ஒருபக்கமாக நின்று, மெல்லத் திறந்தேன்.

வெக்கை முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது; தொண்டையில் புளிப்பேறியது. அந்த நாற்றம் இப்போது ஒரு ஆள் மாதிரி எழுந்து வெளியே வந்தது. இடப்பக்கத்து பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தது, பல் வலியில் வீங்கிய கன்னம் போல. தண்ணீர் மட்டம் காட்டுகிற மிதவைகள் எல்லாம் அடியில் கிடந்தன.

"எல்லாரும் போர்டிகோவுக்கு" என்றேன்.

உள்ளே செய்வதற்கு இனி எதுவும் இல்லை. காற்று வேலை செய்ய வேண்டும். மழைக்கு முந்தின காற்று வாசல் வழியாக நுழைந்து மாடிப்படியில் ஏறுவது, ஜமக்காளத்தில் கிடந்த பட்டுப்புடவையின் ஓரம் அடித்துக்கொள்வதில் தெரிந்தது. மாமனார் சிலிண்டரோடு நாற்காலியில். மாமியார் அவர் காலடியில். நாத்தனார் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கரண்ட் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை.

மின்னல். எதிர்வீட்டு வாசல் விளக்கு அணைந்தது.

டக்.

அந்தச் சின்னச் சத்தம் கூடத்தைத் தாண்டி வாசலுக்குக் கேட்டது. நான் கண்ணை மூடவில்லை. மூட நேரமில்லை. பட்டுப்புடவை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

"ஆச்சா?" என்றார் மாமனார்.

"ஆச்சு" என்றேன்.

ஆனால் முழுக்க ஆகவில்லை. உப்பிய பேட்டரி இப்போது வீட்டுக்கே கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. தெருவில் கரண்ட் திரும்பினால் மறுபடியும் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். அதைப் பிரித்தாக வேண்டும். உள்ளே போய் இன்வெர்ட்டரை அணைத்தேன். மாமனார் அறையில் மாப்பிள்ளை 'கீ கீ' என்று கத்தி ஓய்ந்தான். வெளியே மெயினையும் இறக்கினேன். ரப்பர் கையுறை இருந்தது. ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றியிருந்தேன். கண்ணுக்கு ஆய்வகக் கண்ணாடி. அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். பண்டிகைக்காக மாமியார் போட்டுவிட்ட தங்க வளையல்கள், பேட்டரியின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் கையோடு உருகக் கூடியவை.

"இதைக் கழட்டணும் அம்மா."

நவராத்திரியில் சுமங்கலி கை மூளியாக இருப்பதா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, என் கையில் தடவி, ஒவ்வொன்றாக அவரே உருவினார். தாலிச்சங்கிலியைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளி, என் குர்தாவுக்குள் ஊக்குப் போட்டு நிறுத்தினார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

முதலில் எதிர்மின் முனை. மரை இறுகியிருந்தது. ஸ்பேனர் வழுக்கி மறுமுனையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் படித்திருக்கிறேன். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். மரை அசைந்தது. ஒயரைத் தூக்கி, நுனியில் துணி சுற்றி ஒதுக்கினேன். பிறகு இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கிற பட்டை. பேட்டரிகளை நகர்த்த முயலவில்லை. உப்பியதைச் சாய்த்தால் உடையும். அமிலம் கசிந்தால் முறிக்க, சுற்றிலும் சமையல் சோடாவைக் கொட்டிவைத்தேன்.

போர்டிகோவுக்கு வந்தபோது மாமனாரின் உதடுகளின் நிறம் சரியில்லை. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். முள் சிவப்புக்குள் போயிருந்தது. போன வாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது உபயோகித்த சிலிண்டர்; பாதிதான் இருந்திருக்கிறது. இவ்வளவு நேரம் நான் ஒரு பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசுவார்.

"ஏனாய்து? கொம்பே, பொம்மை எல்லாம் கீளே எறக்கிட்டீங்க?"

"உங்க வீட்ல இன்வெர்ட்டர் ஓடுதா?" என்றேன். "ஒரு ஒயர் வேணும், அப்பாவோட மெஷினுக்கு."

"தகோளி, அதுக்கென்ன கேக்கிறது! வா."

"பேட்டரி எங்கே வச்சிருக்கீங்க?"

"ஹிந்துகடே, துணி தொவைக்கிற எடத்துல. யாக்கே?"

காரணம் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டி ஓடி, அவர் வீட்டுப் பின்பக்கம் போய் நானே பார்த்தேன். திறந்த இடம். பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை. அந்த அம்மாள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அவர் வீட்டு நீட்டிப்பு ஒயர் சுவர்வரைதான் வந்தது. எங்களுடையதை அதோடு சுவர்மேல் சேர்த்தேன். நாத்தனார் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். சுவிட்சைப் போட்டதும் நீளமாக ஒருமுறை கூவி, பிறகு உறுமத் தொடங்கியது. குழாயை மாற்றினேன். அவர் விரலில் ஆக்ஸிஜன் அளவுமானியை மாட்டிவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். எண் இறங்குவது நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது. பிறகு ஒன்று ஏறியது.

"இப்ப நான் இழுக்கறது பக்கத்தாத்துக் காத்தா?" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமல்.

"காத்து நம்மதுதான். கரண்ட்தான் அவாத்துது" என்றார் மாமியார்.

அப்போது மழை பிடித்தது. தூறலாக இல்லை, ஒரேயடியாக. சுவர்மேல் இருந்த ஒயர் இணைப்பின்மேல் பாலிதீன் சுற்றியிருந்தேன். அது போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குள் ஒரு சொட்டு இறங்கினால் பக்கத்து வீட்டு பியூஸ் போகும், இயந்திரம் நிற்கும், சிலிண்டரில் ஒன்றுமில்லை என்ற வரிசை மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மரப்பிடி போட்ட பழைய குடையை எடுத்துக்கொண்டு போய், சுவரோரம் நின்று, அந்த இணைப்புக்குப் பிடித்தேன். நான் நனைந்தேன். ஒயர் நனையவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ. தாம்பூலத்துக்கு வருகிற பெண்கள் யாரும் மழையில் வரவில்லை. தெரு முழுக்க இருட்டு. போர்டிகோவிலிருந்து மாப்பிள்ளையின் உறுமல் மட்டும் மழைக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை சரி. மாமியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொடு. நீ போய் அவர்கிட்ட உக்காரு. அந்த நம்பரைப் பார்க்க எனக்குத் தெரியலை. இதை நான் பிடிச்சுக்கறேன்."

"ஒயரைத் தொடப்படாது அம்மா. சுவரையும் தொடாதீங்கோ. குடை மட்டும்."

"தொடலை."

குடையை அவர் கைக்கு மாற்றினேன். ஒரு கணம் இரண்டு பேரும் அதைப் பிடித்திருந்தோம். அவர் இரண்டு கைகளாலும் பிடியைப் பற்றி, கால்களை அகட்டி ஊன்றி, சுவரைத் தொடாமல் நின்றுகொண்டார். நான் போர்டிகோவுக்குப் போய் மாமனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தேன்.